சின்ன வண்டியே போதுமாம்!

அத்தியாயம் 17

டிரைவிங் டெஸ்டில் நாலு முறை தோற்று ஐந்தாவது முறை தேறிய பெண்ணை, கையில் லைசென்ஸோடு நடுத்தெருவில் நிறுத்திவிட்டு நான் பாட்டுக்கு எழுந்து போய்விட்டேனாம். போன வாரம் முழுக்க இதே புகார்தான். "வீட்டுக்காவது கொண்டுபோய் விட்டிருக்கலாமே, உங்களுக்குக் கை வலிக்குதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கேட்டது நியாயம். அதனால் இந்த வாரம் அவரை வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு.

புதிதாக இந்தப் பக்கத்தைத் திருப்பியவர்களுக்கு நாலு வரி. அந்தப் பெண்தான் டைலரம்மா, வயது நாற்பத்தொன்பது. வீட்டு முன்னறையில் மூன்று மெஷின் போட்டு, ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கும் ஓட்டல் ஊழியர்களுக்கும் யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறார். கணவர் முப்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறார். தெருவில் 'டிரைவர்' என்றால் அவர் ஒருத்தர்தான். ஒரே மகள், ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. யூனிஃபார்ம் மூட்டைகளைக் கொண்டு சேர்க்க இத்தனை நாள் வாடகை வண்டியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், இப்போது சொந்தமாக ஒரு கார் வாங்கப் போகிறார்கள். பணம் டைலரம்மாவுடையது. ஓட்டப் போவதும் அவர்தான். எந்தக் கார் என்று முடிவு செய்வதில் மட்டும் அவரைத் தவிர எல்லாருக்கும் வாய் இருந்தது.

சனிக்கிழமை காலை. மகள் ஒரு தாளின் நடுவில் கோடு கிழித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஹேட்ச்பேக், அந்தப் பக்கம் கிராஸ்ஓவர்.

ஹேட்ச்பேக் என்றால் பயந்துவிட வேண்டாம். எங்கே பார்த்தாலும் ஓடுகிற அந்தச் சின்னக் கார்தான். பின்பக்கம் கத்தரி வைத்தாற்போல் சட்டென்று முடிந்துவிடும். கிராஸ்ஓவர் என்பது அதையே நாலு விரல் தூக்கி நிறுத்தி, இடுப்பில் கொஞ்சம் அகலம் கொடுத்தது. இந்த வீட்டில் ஒரு வாரமாக முதலாவதற்கு 'குட்டை' என்று பெயர், இரண்டாவதற்கு 'நெட்டை'.

"மைலேஜ், குட்டைக்கு அதிகம். விலை, குட்டைக்குக் கம்மி. டயர் மாத்தற செலவு கம்மி. சின்ன இடத்துல திருப்பிடலாம். எங்க வேணாலும் நிறுத்திக்கலாம்" என்று மகள் வாசித்தாள்.

"நெட்டைக்கு?" என்றார் டைலரம்மா.

"உசரம். டிக்கி கொஞ்சம் பெரிசு. மேடு பள்ளத்துல அடி தட்டாது. ஆனா உனக்கெதுக்கும்மா அதெல்லாம்? நீ என்ன மலையா ஏறப் போறே?"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்று டிரைவர் டீயை உறிஞ்சினார். "புதுசா ஓட்டறவளுக்குச் சின்ன வண்டியே போதும்."

போதும்! இந்தச் சொல் டைலரம்மாவுக்குப் புதிதல்ல. கடைக்கு முன்னறையே போதும் என்றார்கள். மூன்று மெஷின் போதும் என்றார்கள். அந்த மூன்றில் இரண்டு பழசாக இருந்தாலும் போதும் என்றார்கள். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர்கள் சொல்வார்கள், இவர் தலையாட்டுவார். அவர்கள் சொல்வதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. இந்த அம்மா தலையாட்டுவதைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கும் தலை ஆடப் பார்த்தது. பாதியில் நின்றுவிட்டது.

"கேட்டை அளந்துட்டேன்" என்றார் டைலரம்மா. "எழுபத்தாறு இஞ்ச். கண்ணாடியை மடக்கிட்டா நெட்டை எழுபத்தொண்ணுதான். தாராளமாப் போகும்."

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எப்பம்மா அளந்தே?"

"விடியக்காலையில, வாசல் பெருக்கும்போது."

அளவு நோட்டைப் பிரித்துக் காட்டினார். ஒரு நர்ஸம்மாவின் கோட்டுக்கும் ஒரு ஓட்டல் மேனேஜரின் பேன்ட்டுக்கும் நடுவில் நீலப் பென்சிலில் எழுதியிருந்தது: கேட்டு, 76. அதை டிரைவரால் மறுத்துப் பேச முடியாது. இருபத்திரண்டு வருஷத்தில் அளவு சரியில்லை என்று ஒரு துணிகூட அந்தக் கடைக்குத் திரும்பி வந்ததில்லை என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு திரிபவரே அவர்தானே.

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்கும். ஓட்டறது வேற விஷயம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

*

ஷோரூமில் விற்பனைக்காரர் கழுத்தில் டை, கையில் டேப்லெட், வாயில் சிரிப்பு. நேராக டிரைவரிடம் வந்து கை குலுக்கினார்.

"வாங்க சார். சாருக்கு எந்த மாதிரி வண்டி பார்க்கறோம்?"

"வண்டி இவங்களுக்கு" என்றார் டிரைவர்.

"ரொம்ப நல்லது சார்" என்று விற்பனைக்காரர் டைலரம்மாவைப் பார்த்து ஒரு முறை சிரித்துவிட்டு, மறுபடி டிரைவர் பக்கமே திரும்பி எஞ்சினைப் பற்றி ஆரம்பித்தார். சாவியையும் அவர் கையிலேயே கொடுத்தார். உலகத்தில் சில பேருக்கு ஸ்டியரிங் என்றால் மீசைதான் கண்ணுக்குத் தெரியும். அவர்களை நான் திருத்த முடியாது.

முதலில் குட்டை. டிரைவர் உள்ளே இறங்கி உட்கார்ந்தார். ஆமாம், இறங்கித்தான் உட்கார வேண்டியிருந்தது.

"என்னடி இது, பாய் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றார்.

முப்பது வருஷம் எல்லார் தலைக்கும் மேலே உட்கார்ந்து ஓட்டியவருக்குப் பக்கத்தில் போகும் ஸ்கூட்டர்கூட உயரமாகத் தெரிந்தது. ஆனாலும் ஓட்டம் ஓட்டம்தான். வண்டி வெண்ணெய் மாதிரிப் போனது. மூன்றாவது சிக்னல் தாண்டியதும் வேகம் குறைந்தது, ஓரம் கட்டியது, அழகாக நின்றது.

"என்ன சார், ஏதாவது சத்தம் வருதா?" என்று விற்பனைக்காரர் பதறினார்.

டிரைவர் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. பஸ் ஸ்டாப்! அங்கே நின்றிருந்த ஒரு பெரியவர் குனிந்து ஜன்னலைத் தட்டி, "மார்க்கெட் போகுமாங்க?" என்று கேட்டேவிட்டார்.

பின்சீட்டில் அம்மாவும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "போகாதுங்க, டிப்போ வண்டி" என்று டிரைவரும் சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

அடுத்து டைலரம்மா ஓட்டினார். உள்ளதைச் சொல்ல வேண்டும், குட்டை நல்ல வண்டி. சொன்ன பேச்சு கேட்கிறது. சந்துக்குள் நுழைந்து ஒரே திருப்பில் வெளியே வந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூலில் ஓட்டிப் பழகியதும் இதே மாதிரி வண்டிதான். ஒரு தப்பும் இல்லாமல் ஓட்டி, கோட்டுக்குள் நிறுத்தினார்.

"பார்த்தியா? உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார் டிரைவர். இறங்கும்போது மட்டும் ஒரு கையைக் கதவிலும் இன்னொரு கையைக் கூரையிலும் ஊன்றிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி எழுந்தார். கிளட்சை மிதித்து மிதித்துத் தேய்ந்த முட்டி அது.

டைலரம்மா கழுத்தில் தொங்கிய டேப்பை உருவிக்கொண்டு டிக்கியைத் திறந்தார். ஷோரூமில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, டேப்பை உள்ள வைம்மா, மானம் போகுது" என்று மகள் கிசுகிசுத்தாள்.

"மானம் எங்கயும் போகாது, அந்த முனையைப் பிடி."

ஆழம், அகலம், உயரம். யூனிஃபார்ம் மூட்டையின் அளவு அவருக்கு மனப்பாடம். குட்டையில் இரண்டு மூட்டை வைத்து மூன்றாவதை அழுத்த வேண்டும். அழுத்தினால் இஸ்திரி போட்டது பாழ். நெட்டையில் மூன்றும் நிமிர்ந்து நிற்கும். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். விற்பனைக்காரர் முதல் முறையாக டைலரம்மாவைக் கவனித்துப் பார்த்தார்.

"மேடம், எங்க புத்தகத்துல இதை லிட்டர் கணக்குலதான் போட்டிருக்கு."

"என் மூட்டையில தண்ணியா இருக்கு, லிட்டர்ல அளக்க?" என்றார் டைலரம்மா.

பிறகு நெட்டையில் ஏறினார். இதில் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். நாற்காலியில் உட்காருவது போல் உட்கார்ந்தால் போதும். அந்த உயரம் இடுப்புக்குச் சரியாக வந்தது. முதல் ஐந்து நிமிஷம் முன்பக்கம் எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. ஒரு திருப்பத்தில் ஓரக்கல்லை உரசப் போய், "மேடம், மேடம்!" என்று விற்பனைக்காரர் கத்தினார். குட்டை மாதிரி இது சொன்ன உடனே கேட்கிற வண்டி இல்லை. கொஞ்சம் பாரம். திருப்பக் கொஞ்சம் இடம் கேட்கும்.

ஆனால் பெரிய ரோட்டுக்கு வந்ததும் டைலரம்மாவுக்கு ஒன்று தெரிந்தது. முன்னால் போகிற வண்டியின் கூரைக்கு மேலே, அதற்கு முன்னால் போகிற வண்டி தெரிந்தது. அதற்கும் முன்னால் சிக்னல் தெரிந்தது. அது மாறப் போவது தெரிந்தது. பிரேக்கைப் பதறாமல் மெல்ல மிதித்தார். இருபத்திரண்டு வருஷம் குனிந்து ஊசி முனையையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு இவ்வளவு தூரம் ரோடு தெரிந்தது சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம், வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"என்னம்மா சிரிக்கிறே?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு."

*

ஷோரூமுக்குத் திரும்பியதும் விற்பனைக்காரர் விஷயத்தைச் சொன்னார். அந்த நெட்டையில் இப்போதைக்கு ஒன்றுதான் கைவசம் இருக்கிறது. சாயந்திரம் வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைக்கலாம். அப்புறம் அடுத்தது வர மூன்று மாசம் ஆகும். குட்டை வேண்டுமானால் நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

"அப்புறமென்ன, குட்டையே போட்டுடுங்க" என்று டிரைவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். காலையில் கோடு கிழித்துக்கொண்டு வந்த அதே பெண்தான். ஆனால் பின்சீட்டில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு அவள் கட்சி மாறியிருந்தாள். அம்மாவைத் தனியாக இழுத்துப்போனாள்.

"அம்மா, அப்பாவோட முட்டிக்காகன்னு சொல்லிடு. குட்டையில ஏறி இறங்க அவர் படற பாட்டைப் பார்த்தே இல்ல? முட்டின்னு சொன்னா மறுபேச்சு பேசமாட்டார்."

நல்ல யோசனை. கெட்டிக்காரப் பெண். டைலரம்மாவின் இடத்தில் நானாக இருந்திருந்தால் அப்படியே சொல்லிக் காரியத்தை முடித்திருப்பேன். முட்டி வலி ஒன்றும் பொய்யில்லையே.

டைலரம்மா கொஞ்ச நேரம் டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"வேணாம் பாப்பா. எனக்குப் பிடிச்சதுக்கு அவர் முட்டியை எதுக்குச் சாட்சிக்குக் கூப்பிடணும்?"

நேராகப் போய்க் கணவர் முன்னால் நின்றார்.

"என்னங்க. எனக்கு நெட்டைதான் வேணும்."

"எதுக்கு?"

"மூட்டை மூணும் நிக்கும். ரோடு தெரியுது. அதெல்லாம் இருக்கட்டும். எனக்குப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

டிரைவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் இந்த 'எனக்குப் பிடிச்சிருக்கு' அவர் காதில் விழுந்ததில்லை. கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"இத பாரு, நான் மேல உட்கார்ந்து தினம் பார்க்கறேன். புதுசா ஓட்டறவங்க பெரிய வண்டியை வச்சுக்கிட்டு என்ன பாடு படறாங்கன்னு எனக்குத் தெரியும். இப்பக்கூட ஓரக்கல்லுல உரசப் பார்த்தே. உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"உரசலையே. நிறுத்திட்டேனே."

"சரி." டிரைவர் பெருமூச்சு விட்டார். "இதுல வீடு வரைக்கும் ஓட்டிட்டு வா. நம்ம கேட்டுக்குள்ள நீயே கொண்டுபோய் நிறுத்து. நிறுத்திட்டேன்னா இதுதான். முடியலன்னா குட்டை. அதுக்கப்புறம் நீயும் பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன்."

"சரி" என்றார் டைலரம்மா. எழுபத்தாறில் எழுபத்தொன்று போகாதா என்ன?

*

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டைலரம்மா ஓட்ட, விற்பனைக்காரர் பக்கத்தில். டிரைவர் பின்சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். "லாரி... லாரி வருது... பார்த்தியா?" என்றார். "பார்த்தேங்க." "சைக்கிள்..." "தெரியுதுங்க." பாதி வழிக்கு மேல் மகள் அவர் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் வீடு தெருவின் முட்டில் இருக்கிறது. தெருவில் நேராக வந்தால் நேராக வாசல். ஒரு காலத்தில் அது ஒரே வீடு, ஒரே அகலமான கேட். டிரைவரும் அவர் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டபோது நடுவில் மதில் வந்தது. கேட்டுக்கு நடுவில் ஒரு தூண் வந்தது. தூணுக்கு இந்தப் பக்கம் அண்ணன் வாசல், அந்தப் பக்கம் தம்பி வாசல். தூண் இரண்டு பேருக்கும் பொது. அதைக் கட்டின அன்றைக்கு வார்த்தை தடித்து, "இனிமே நானா வந்து உன்கிட்ட பேச மாட்டேன்" என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டார்கள். நாலு வருஷம் ஆகிறது. இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஜாதி, என்ன செய்ய!

கேட்டுக்கு ஆறடி இருக்கும்போது டைலரம்மாவின் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. துணியைப் பார்த்த உடனே இத்தனை மீட்டர் என்று சொல்கிற கண் அது. அந்தக் கண் இப்போது 'இடிக்கும்' என்றது.

"பாப்பா, இறங்கி கேட்டை அள."

மகள் டேப்பைப் பிடித்தாள். திரும்பவும் பிடித்தாள்.

"அம்மா... எழுபத்திரண்டுதாம்மா இருக்கு."

"நல்லாப் பாரு."

"எழுபத்திரண்டும்மா. நூல் பிசகாம."

 எழுபத்திரண்டு எப்படி எழுபத்தாறாகும்? டைலரம்மா அளவு நோட்டை எடுத்துப் பார்த்தார். நர்ஸம்மா மார்பு முப்பத்தாறு, எழுதியிருப்பது நாற்பது. மேனேஜர் இடுப்புக்கும் சேர்த்துத்தான் எழுதியிருந்தது. அந்த நோட்டில் எந்த அளவையும் அவர் வெறுமனே எழுதுவதில்லை. மூச்சு விட வேண்டும், கையைத் தூக்க வேண்டும், குனிந்து நிமிர வேண்டும் என்று லூஸ் சேர்த்துத்தான் எழுதுவார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கேட்டுக்கும் நாலு இஞ்ச் லூஸ் விட்டுவிட்டது கை.

"கேட்டுக்குமா லூஸ் விட்டே?" என்று டிரைவர் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளும் சிரித்தாள். எதிர்வீட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்த்த இரண்டு பேருக்குக் காரணம் தெரியாமலே சிரிப்பு வந்தது.

டைலரம்மா சிரிக்கவில்லை. ஒரு துணி திரும்பி வந்ததில்லை என்ற பெருமை தெருமுட்டில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறது. முகம் சிவந்துவிட்டது.

அதைப் பார்த்ததும் டிரைவர் சிரிப்பை விழுங்கினார். "சரி விடு. இதுல என்ன இருக்கு? நீ இறங்கு, நான் ரிவர்ஸ் எடுத்துடறேன். போய்ச் சின்னதையே சொல்லிடலாம்." அன்பாகத்தான் சொன்னார். கீழே இறங்கி வந்து ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடியையும் பிடித்துவிட்டார்.

டைலரம்மா உள்ளிருந்தபடியே கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எழுபத்திரண்டு. வண்டி எழுபத்தொண்ணு. பக்கத்துக்கு அரை இஞ்ச் இருக்கே."

"அரை இஞ்சு எல்லாம் ஒரு இடமாடி?"

"உங்களுக்கு இல்ல. நான் அரை இஞ்சுக்குள்ளதான் இத்தனை வருஷம் சம்பாதிச்சேன்."

"மேடம், இது கம்பெனி வண்டி. ஒரு கீறல் விழுந்தாலும் என் வேலைக்கு ஆபத்து" என்று விற்பனைக்காரர் டையைத் தளர்த்தினார்.

"கீறல் விழுந்தா இந்த வண்டியையே நான் எடுத்துக்கறேன். எழுதிக் கொடுக்கட்டுமா?"

அவர் வேண்டாம் என்றார். கீழே இறங்கி ஓரமாகப் போய் நின்றார். பார்க்க மனசில்லாமல் டேப்லெட்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"என்னங்க" என்றார் டைலரம்மா. "நீங்க உள்ள போய் எனக்கு எதிர்ல நில்லுங்க. ரைட் குடுங்க."

டிரைவர் கைப்பிடியை விடவில்லை. முப்பது வருஷமாக அவருக்குத்தான் கண்டக்டர்கள் வழி பார்த்து ரைட் கொடுத்திருக்கிறார்கள். அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் இறங்குகிற முகமாக இல்லை. கையை எடுத்தார். கேட்டுக்குள் போய், இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.

"பாப்பா, நீ தூண்கிட்ட இரு. இரண்டு பக்கமும் பார்த்துக்க."

கண்ணாடிகள் மடங்கின. ஜன்னல்கள் இறங்கின. வண்டி நகர்ந்தது.

"ரைட்" என்றார் டிரைவர். அது கேட்டைத் தாண்டி வெளியே கேட்கவில்லை.  "ரைட்... ரைட்... உன் பக்கம் கொஞ்சம் ஒடி... போதும். நேராக்கு. ரைட்..."

தையல் மெஷினின் பெடலில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும். முழுக்க மிதித்தால் துணி பிய்ந்துகொண்டு ஓடும். பாதித் தையல் மட்டும் போட்டு நிறுத்த ஒரு கால் வேண்டும். காலர் முனைக்கும் பாக்கெட் மூலைக்கும் அந்தக் கால்தான் வேலை செய்யும். டெஸ்ட் எடுத்த இன்ஸ்பெக்டர் நாலு முறை அவரைத் தோற்கடித்தபோது இந்தக் காலைப் பார்க்காமல் போய்விட்டார். பிரேக்கைக் கொஞ்சம் விடுவார், வண்டி ஒரு விரற்கடை நகரும், நிற்கும். இன்னொரு விரற்கடை, நிற்கும்.

"ஹோல்டான்! நிறுத்து!" மகள் கத்தினாள். "அம்மா, தூண் பக்கம் நூல் அளவுதான் இருக்கு!"

"அந்தப் பக்கம்?"

மகள் ஓடிப்போய்ப் பார்த்தாள். "இங்க முக்கால் இஞ்சுக்கு மேல இருக்கு."

டைலரம்மா இரண்டு அடி பின்னால் வந்தார். அவசரப்படவில்லை. தப்பாக விழுந்த தையலைப் பிரித்துவிட்டு மறுபடி போடுவது அவருக்குப் புதிய வேலையா? திரும்பவும் நேர் பார்த்து நுழைந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலைவிட்டு இறங்கி வந்துவிட்டார்கள். 

"ரைட்" என்றார் டிரைவர். இந்த முறை குரல் டிப்போவுக்கே கேட்கும்படி வந்தது. "ரைட்... ரைட்... போலாம்... போலாம்... அப்படியே வா... வா... வந்துடு!"

பின்சக்கரம் தூணைத் தாண்டியது. வண்டி வாசலுக்குள் நின்றது. டைலரம்மா எஞ்சினை அணைத்தார், கைப்பிரேக்கை இழுத்தார், சாவியை எடுத்தார். எல்லாம் வரிசைப்படி. 

விற்பனைக்காரர் ஓடிவந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கீறல் இல்லை. குனிந்து பார்த்தார். அடியிலும் இல்லை.

"மேடம், புக்கிங் ஃபாரம் கொண்டு வந்திருக்கேன்" என்று முதல் முறையாக நேராக டைலரம்மாவிடமே நீட்டினார்.

"கேட்டு அளவு என் தப்புங்க" என்று டைலரம்மா ஜன்னல் வழியாகக் கணவரிடம் சொன்னார். "அதை ஒத்துக்கறேன். ஆனா வண்டி இதுதான்."

டிரைவர் தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் தூணைப் பார்த்தார். தினம் மூன்று மூட்டையோடு இந்த அரை இஞ்சில் நுழைந்து வெளியே போய்க்கொண்டிருக்க முடியாது என்பது அவருக்கும் தெரிந்தது, டைலரம்மாவுக்கும் தெரிந்தது. தூணை எடுத்து ஓர் அடி தள்ளிக் கட்ட வேண்டும். பாதித் தூண் தம்பியுடையது. அவனைக் கேட்காமல் ஒரு செங்கல்லைத் தொட முடியாது. கேட்பதென்றால் யாராவது முதலில் வாயைத் திறக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது. தம்பி லேத் பட்டறை வைத்திருப்பவர். இஞ்சுக்குள் இஞ்சு பார்க்கிற தொழில். இத்தனை 'ரைட்' சத்தத்துக்கு அவர் வெளியே வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மதிலுக்கு மேலே நெட்டையின் கூரை அவருக்குத் தெரிந்தது. டை கட்டிய ஒருத்தர் பக்கத்தில் நிற்பதும் தெரிந்தது. தூணையும் கேட்டையும் ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் நிற்கிற பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

"சார், சும்மா சொல்லக் கூடாது" என்று விற்பனைக்காரரிடம் சொன்னார். "அரை இஞ்சுல உள்ள விட்டிருக்கீங்களே. நல்ல கை சார் உங்களுக்கு. எத்தனை வருஷ சர்வீஸு?"

விற்பனைக்காரர் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் திரும்பிவிட்டார். நாலு வருஷமாக அந்தப் பக்கம் திரும்பாத கழுத்து. மதில்கிட்ட இரண்டே எட்டில் போய் நின்றார். கண் கலங்கியிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"டேய், அவர் இல்லடா" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "ஓட்டினது உங்க அண்ணிடா!"